அடுத்த சனிக்கிழமை மண்டபம் காலியாக இருந்தது

ஆரணி, அப்பாதான் எழுதுகிறேன். பயந்து போகாதே, எனக்கு ஒன்றும் இல்லை. பிரஷர் மட்டாகத்தான் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. இந்த நாட்டில் தபால்பெட்டிக்குள் கடித உறை கிடந்தாலே நம்முடைய ஆட்கள் உடைக்க முதலே கடவுளைக் கூப்பிடுவார்கள். அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். டெலிபோனில் சொல்லலாம் என்று திங்கட்கிழமையில் இருந்து மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் "சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்டேன், நீ "ஓமப்பா" என்றாய், அதோடு எனக்குப் பேச்சு முடிந்து போயிற்று. புதன்கிழமைப் பின்னேரங்களில் அழுது அழுது தமிழ்ப் பள்ளிக்கூடம் போனாயே, அது இன்றைக்கு எனக்கு உதவட்டும். மெதுவாக வாசி. மூட்டுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற அந்த இருபது நிமிடத்தில் வாசி.

ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்துச் சொன்னதில் இருந்து தொடங்குகிறேன். "அப்பா, அடுத்த சனிக்கிழமை அம்மாவின்ர திவசம். நான் வாறன். கோச்சிட்டயும் சொல்லீட்டன்" என்றாய். "அண்டைக்கு உனக்குக் கோப்பை ஃபைனல் எல்லோ?" என்று கேட்டேன். "ஓம். பரவாயில்லை. நான் இல்லாமலும் விளையாடுவினம்" என்றாய். நீ அதைச் சொன்ன குரலில் ஒரு கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. உடனே போய் உன்னுடைய கட்டில் விரிப்பை மாற்றினேன், ஜன்னலைத் திறந்து வைத்தேன், நீ சாப்பிடுகிற சிவப்பரிசி மா இருக்கிறதோ என்று அலுமாரியைப் பார்த்தேன். பிறகு கட்டிலில் இருந்து யோசித்தபோதுதான் உறைத்தது. இந்த சீசனோடு விளையாட்டை விடுகிறேன் என்று நீதான் மார்கழியில் சொன்னாய். அப்படியென்றால் அந்தச் சனிக்கிழமை ஆட்டம்தான் உன்னுடைய கடைசி ஆட்டம். பதினான்கு வயதில் உனக்கு ஒரு ஃபைனல் வந்தது. முப்பத்தொரு வயதில் இன்னொன்று வந்திருக்கிறது. நடுவில் இத்தனை நாடு, இத்தனை கிளப், ஒரு ஃபைனலும் இல்லை. முதலாவதை நான் பறித்தேன். இரண்டாவதை நீயாகவே கொண்டுவந்து என் கையில் தருகிறாய். ஏன் தருகிறாய் என்றும் எனக்குத் தெரியும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலாவதைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பதினேழு வருடமாக நான் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. உன் அம்மாவுக்கும் சொல்லவில்லை.

நீ பெரிய பிள்ளையானது பன்னிரண்டரை வயதில். சாமத்திய வீடு செய்தது பதினான்கு வயதில். இங்கே அப்படித்தானே, மண்டபமும் வீடியோக்காரரும் மணவறை அலங்காரக்காரரும் கனடாவில் இருந்து பெரியப்பாவும் ஒரே சனிக்கிழமையில் வந்து விழுகிறவரைக்கும் பிள்ளை காத்திருக்கும். நாங்கள் பிடித்தது நம்முடைய ஊர் பொது மண்டபம். கிழமை நாட்களில் அது உடற்பயிற்சிக் கூடம். திங்களும் வியாழனும் நீ கூடைப்பந்து தட்டிப் பழகியதும் அதே மண்டபத்தில்தான். உன்னுடைய பெண்பிள்ளைகள் அணி அரையிறுதியில் வென்று வந்த அன்று நீ சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்றாய். "அப்பா, ஃபைனல் அந்தச் சனிக்கிழமையாம்" என்றாய். நான் பேப்பரில் இருந்து தலையை எடுக்காமல், "மண்டபம் ஒரு வருசத்துக்கு முதலே பிடிச்சாச்சு. முன்னூறு பேருக்கு அழைப்புக் காட் குடுத்தாச்சு. இனி என்ன செய்யிறது?" என்றேன். நீ அழவில்லை. அம்மாவைப் பார்த்தாய். அம்மா சட்டியைப் பார்த்தாள். இதுவரைக்கும் உனக்குத் தெரியும்.

தெரியாதது இதுதான். அதற்கு இரண்டு நாள் கழித்து மண்டபப் பொறுப்பாளர் கேர்பர் எனக்கு எடுத்தார். நினைவிருக்கிறதா, பெரிய மீசை, இடுப்பில் கிலுங்குகிற திறப்புக் கொத்து, நீ பழகி முடிந்த பிறகும் பத்து நிமிடம் லைட்டை நிற்பாட்டாமல் விடுவாரே, அவர்தான். எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சாமத்திய வீட்டுக்கு அடுத்த சனிக்கிழமை மண்டபத்தை எடுத்திருந்த பாட்டுக்குழு வேண்டாம் என்று விட்டுவிட்டதாம். "உங்கள் மகளுக்கு ஃபைனல் இருக்கிறது என்று தெரியும். ஒரு கிழமை தள்ளிச் செய்யுங்கள். புதுப் பத்திரம் ஒன்றும் வேண்டாம், நான் கொப்பியில் மாற்றி எழுதுகிறேன்" என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. வீடியோக்காரரைக் கேட்டேன், வரலாம் என்றார். அலங்காரக்காரரும் ஓம் என்றார். கனடாப் பெரியப்பா நான்கு கிழமைக்கு வந்திருந்தார், அவருக்கு எந்தச் சனி என்றாலும் ஒன்றுதான். முன்னூறு பேருக்கும் ஆளுக்கொரு டெலிபோன் போட்டால் விசயம் முடிந்தது. எல்லாம் சரியாக வந்த பிறகு, கேர்பருக்கு எடுத்து, வேண்டாம், பழைய நாளிலேயே செய்கிறோம் என்று சொன்னேன். அவர் கொப்பியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு "நல்லது" என்று வைத்துவிட்டார்.

ஏன் என்று நீ கேட்பாய். அந்த நாட்களில் ஆராவில் இருந்து என் தங்கச்சி, உன்னுடைய மாமி, வந்தால் இதே கதைதான்: "அண்ணை, குமர்ப்பிள்ளை கால்சட்டையோட ஆம்பிளையள் பாத்துக்கொண்டிருக்க ஓடுது. ஆக்கள் என்னட்ட வந்து கேக்கினம்." அவளைச் சாட்டித் தப்பப் பார்க்கவில்லை. முடிவு எடுத்தது நான். இந்த ஒரு ஃபைனல் தவறினால், இந்தக் கண்டறியாத பந்து உன்னைவிட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். அணிப் பிள்ளைகள் கோபிப்பார்கள், கோச் சேர்க்க மாட்டார், நீயும் படிப்போடு நின்றுவிடுவாய். அவ்வளவுதான் என்னுடைய கணக்கு. நாள் கிடைக்காமல் நான் உன் ஃபைனலைத் தவறவிடவில்லை பிள்ளை. கிடைத்த நாளை வேண்டாம் என்று சொல்லித் தவறவிட்டேன்.

அந்த விழா நாளை நீ எப்படி நினைவில் வைத்திருக்கிறாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நான் நினைவில் வைத்திருப்பதைச் சொல்கிறேன். மணவறையை மேற்குப் பக்கச் சுவரோடு போட்டிருந்தார்கள். அந்தச் சுவரில்தான் கூடை. அதை மடித்து, மேலே சிவப்புத் துணியால் திரை கட்டியிருந்தார்கள். அப்படியும் வெள்ளைப் பலகையின் மேல்விளிம்பு ஒரு சாண் அளவுக்குத் தெரிந்தது. நிலம் முழுக்கக் கம்பளம். நீ குத்துவிளக்கு ஏந்தின பிள்ளைகளுக்குப் பின்னால் நடந்து வரும்போது ஓர் இடத்தில் கொஞ்சம் தயங்கி நின்றாய். எல்லோரும் சீலை தடக்கியது என்று நினைத்தார்கள். இப்போது யோசித்தால், அந்தக் கம்பளத்துக்குக் கீழேதான் நீ நின்று பந்து எறிகிற கோடு இருந்திருக்கும். ஆரத்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது கேர்பர் வாசலில் வந்து நின்றார். கையில் டெலிபோன். நீ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் இரண்டு விரலைக் காட்டித் தலையை ஆட்டினார். இரண்டு புள்ளியால் தோற்றுப் போனார்கள் என்று அர்த்தம். நீ தலையைக் குனிந்தாய். பக்கத்தில் நின்ற பெரியப்பா, "பாரடா தம்பி, பிள்ளைக்கு வெக்கம்" என்றார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வீடியோவிலும் இருக்கிறது.

அன்று வீட்டுக்கு வந்து அம்மா உன்னுடைய சடைநாகத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாய்: "அப்பா, இனி நீங்கள் ஒருநாளும் என்ர மட்சுக்கு வரக் கூடாது." நானும் சும்மா விட்டேனா? "ஆர் வந்தது? ஆருக்கு வேணும் உன்ர மட்ச்?" என்றேன். உன்னுடைய எத்தனையோ சொல்லைக் கேட்காமல் விட்டவன் நான். அந்த ஒரு சொல்லை மட்டும் பதினேழு வருடம் பிடிவாதமாகக் கேட்டு நடந்திருக்கிறேன். திங்கட்கிழமை வந்ததும் நீ சப்பாத்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பழகப் போய்விட்டாய். என்னுடைய கணக்கு அவ்வளவு சரி.

அம்மா சனிக்கிழமைகளில் பேர்ண் கோயிலுக்குப் போவாள், உனக்குத் தெரியும்தானே. எனக்கும் தெரியும். திரும்பி வரும்போது நெற்றியில் விபூதி இருக்காது. கோயிலுக்குப் போய் வந்தவள் தொண்டை அடைத்துப் போய் வருவாள். "என்ன, ஐயர் உன்னையோ தேவாரம் பாடச் சொன்னவர்?" என்று கேட்பேன். "குளிர்" என்பாள். ஒருநாள் கூட நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னையும் உன்னுடைய மட்சுக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். அந்தப் பயமும் ஒன்று. பத்தொன்பது வயதில் ஹங்கேரியில் முதல் கிளப் உன்னை எடுத்தபோது, ஸ்டேஷனுக்கு வந்தது அம்மாதான். நான் வேலைக்குப் போனேன். அன்று எனக்கு லீவு இருந்தது. பூட்டியிருந்த தொழிற்சாலை வாசலில் பஸ் வரும்வரைக்கும் நின்றுவிட்டு வந்தேன்.

பிறகு இத்தாலி, போலந்து, திரும்ப ஹங்கேரி, திரும்பப் போலந்து, போன ஆவணியில்தான் திரும்ப இந்த நாட்டுக் கிளப். ஒவ்வொரு ஆவணியும் புது ஒப்பந்தம், புது ஊர், முன்னமே கட்டில், மேசை என்று தளபாடம் போட்ட ஒரு வீடு. ஒருதரம் வீடியோவில் கதைக்கும்போது உனக்குப் பின்னால் சுவரில் நாலைந்து ஆணித் துளை தெரிந்தது. "படம் ஒண்டும் மாட்டேல்லையோ?" என்று கேட்டேன். "எனக்கு முன்னம் இருந்த பிள்ளையின்ர ஆணி அது. சித்திரையில நானும் போயிடுவன், என்னத்துக்கு?" என்றாய். அன்று முழுக்க எனக்கு அந்தத் துளைதான் கண்ணுக்குள் நின்றது. ஒரு நத்தார் பண்டிகைக்கு அணியில் எல்லோரும் வீட்டுக்குப் போக, நீ மட்டும் அந்த ஊரில் நின்று பிசியோவுக்குப் போய்க்கொண்டிருந்தாய். சோறும் முட்டைப் பொரியலும் சாப்பிடுகிறேன் என்றாய். தனியாக இருக்கிறாயோ என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் நீ ஓம் என்று சொல்லிவிடுவாய், பிறகு நான் என்ன செய்வது என்று, "முட்டை ரெண்டா போட்டனீ?" என்று கேட்டேன். என்ன கோதாரிக் கேள்வி அது!

இனி, நீ ஏன் இந்த ஃபைனலை விடுகிறாய் என்ற கதை. அம்மா போனபோது நீ போலந்தில் இருந்து வந்து ஐந்து நாள் நின்றாய். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நிற்க முடியாது, கிளப்பில் விட மாட்டார்கள் என்றாய். லாங்கன்தால் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றபோது நான் சொன்னேன்: "போ, போ. கொம்மா எரிஞ்சு முடிஞ்சுது. பந்து உருளாமல் கிடக்குமெல்லோ." வாய் கூசாமல் சொன்னேன். நீ திரும்பிப் பார்த்தாய், கதவு பூட்டியது. எனக்கு அப்போது அவள் இல்லாத வீட்டுக்குத் திரும்பிப் போகப் பயமாக இருந்தது பிள்ளை. நீயும் போகிறாய் என்ற ஆத்திரம். நில் என்று கேட்கத் தெரியாமல் குத்திவிட்டேன். அந்த ஒரு வசனத்துக்காக நீ இப்போது உன்னுடைய கடைசி ஆட்டத்தை விட்டுவிட்டு வரப் பார்க்கிறாய். மூன்று திவசத்துக்கு வர முடியாமல் போன குறையை இதோடு தீர்க்கப் பார்க்கிறாய். தீர்க்க வேண்டிய குறை உன்னிடம் ஒன்றும் இல்லை. அது என்னிடம் இருக்கிறது.

நான்கு வருடமாக நான் எப்படி இருக்கிறேன் என்று உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. "நல்லா இருக்கிறன்" என்றுதான் சொல்வேன். வேலையால் வந்து குளித்து, நேற்றைய கறியைச் சூடாக்குவேன். இரண்டு பேருக்குச் சமைத்துப் பழகின கை, இன்னும் அளவு பிடிபடவில்லை, எப்போதும் மிஞ்சும். சில நாள் வேலைத்தலத்தில் சொன்ன காலை வணக்கத்துக்குப் பிறகு வாய் திறக்கிறது உன்னுடைய மட்ச் தொடங்கும்போதுதான். ஓம், பார்க்கிறேன். ஒன்றும் விடாமல் பார்க்கிறேன். என்னுடைய மருமகன் முறைப் பொடியன் ஒருவன் கம்ப்யூட்டரில் எப்படித் திறப்பது என்று காட்டித் தந்தான். இருபத்துநாலு செக்கன், ஐந்து ஃபவுல், எல்லாம் எனக்குத் தெரியும். நீ பந்தைப் போடுகிறவளை விடப் பந்தைக் கொடுக்கிறவள் என்றும் தெரியும். இடக்கையால் கொடுக்கும்போது நாக்கைக் கடிக்கிறாய், அது அம்மாவின் பழக்கம். போன தையில் நீ விழுந்து மூட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, நான் இங்கே கதிரையை விட்டு எழும்பிக் கதவு வரைக்கும் போய்விட்டேன். பிறகு எங்கே போகிறேன் என்று நினைத்துத் திரும்பி வந்தேன். மட்ச் முடிந்ததும் படம் நின்றுவிடும். வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும் கேட்கும். நீயும் அந்த நேரம் உடுப்பு மாற்றிக்கொண்டு ஒரு வெறும் வீட்டுக்குப் போவாய் என்று நினைப்பேன். இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டிருக்கிறோம், இத்தனை வருடம், ஒரே மட்சைப் பற்றி யோசித்துக்கொண்டு.

போன சனிக்கிழமை அதே மண்டபத்தில் நம்முடைய ஆட்களின் பிள்ளை ஒன்றுக்குச் சாமத்திய வீடு. முடிந்து ஆட்கள் போன பிறகு கதிரை அடுக்க நின்றேன். கேர்பர் இன்னும் அங்கேதான் வேலை, இந்தக் கோடையோடு பென்சனாம். மீசை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் கைகொடுத்து, அவள் இன்னும் விளையாடுகிறாளோ என்று கேட்டார். ஓம், ஃபைனலுக்கு வந்திருக்கிறாள் என்றேன். "அந்த அடுத்த சனிக்கிழமையைப் பற்றி அவளுக்குச் சொன்னீர்களா?" என்று கேட்டார். மனிசன் மறக்கவில்லை! இல்லை என்றேன். அவர் மேற்குச் சுவருக்குப் போனார். சிவப்புத் துணியை அவிழ்த்தார், சுவரில் இருந்த பொத்தானை அமத்தினார், கூடை மெல்ல மெல்ல வெளியே வந்து நின்றது. நான் அதன் கீழே கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. அடுத்த நாள்தான் நீ எடுத்து, திவசத்துக்கு வாறன் என்றாய்.

இப்போது நான் செய்ததைக் கேள். திதியை மாற்ற முடியாது. ஆனால் நேரத்தை மாற்றலாம், ஐயரைக் கேட்டேன். பதினொரு மணிக்குச் செய்ய இருந்ததைக் காலை ஏழு மணிக்கு வந்து செய்து தருகிறேன் என்றார். ஐந்து கறி வைத்து அம்மாவுக்குப் படைத்து, காகத்துக்கும் வைத்துவிட்டால், ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். ஆட்களுக்குச் சாப்பாடு இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆராவ் மாமி துள்ளி விழுந்தாள். "என்ன அண்ணை, விசரோ? பந்து விளையாட்டுக்காகவோ மச்சாளின்ர திவசத்தைக் குறைக்கிறியள்? ஆக்கள் என்ன சொல்லுவினம்?" நான் சொன்னேன்: "மச்சாள் உயிரோட இருந்திருந்தால் அண்டைக்கு எங்க நிப்பாள் எண்டு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்." அவள் வைத்துவிட்டாள். பிறகு திரும்ப எடுத்து, மட்ச் எத்தனை மணிக்கு, ரீவியில் காட்டுவார்களோ என்று கேட்டாள். அவளையும் முழுக்கக் குறை சொல்லக் கூடாது.

ஆகவே நீ வராதே. கோச்சிடம் போய் நான் விளையாடுகிறேன் என்று சொல். நம்முடைய வீட்டுக் காரியம் என்று ஆர் வந்து நின்றாலும், உன்னுடைய நாளை மடித்துத் திரைக்குப் பின்னால் வைக்க விடாதே. அது நானாக இருந்தாலும் சரி. இன்னொன்றும் சொல்கிறேன். விளையாட்டை விட்ட பிறகு வருகிற சனிக்கிழமைகள் நீளமாக இருக்கும். நான் அதை அறிந்தவன். அதற்கு முதலே கதைக்க ஒரு ஆளைத் தேடி வைத்துக்கொள். சுவரில் ஒரு படமாவது மாட்டு.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். அல்பத்தில் இருக்கிற பெரிய படத்தில் அந்த வெள்ளைப் பலகை இருக்காது. வீடியோக்காரரிடம் சொல்லி அழிப்பித்தது நான்தான். இது அழிக்காத படம். அம்மாவின் பட்டுச் சீலைக்கு அடியில் இருந்தது. அதில் உனக்குப் பின்னால் கூடை தெரிகிறது.

ஒன்பதரைக்கு இங்கிருந்து ஒரு ரயில் இருக்கிறது. பேர்ணில் மாறினால் பன்னிரண்டுக்கு முதல் உன்னுடைய மண்டபத்துக்கு வந்துவிடலாம், மட்ச் இரண்டு மணிக்குத்தானே. கேர்பரும் மனைவியும் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். எனக்கும் ஒன்று எடுக்கட்டோ என்று கேட்டார். பொறுங்கள், நான் ஒரு ஆளிடம் கேட்க வேண்டும் என்று சொன்னேன். நீ வேண்டாம் என்றால் வீட்டில் இருந்தே பார்ப்பேன், அதில் எனக்குக் குறை இல்லை, நீ விளையாடினால் போதும். அன்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நீ சொன்ன சொல்லை நான் இன்றுவரைக்கும் மீறவில்லை. கேட்காமல் மீறவும் மாட்டேன். அதனால்தான் கேட்கிறேன்.

சனிக்கிழமை உன்ர மட்சுக்கு நான் வரட்டோ, பிள்ளை?

அப்பா